கதவோரத்து நாற்காலி

எந்த அறைக்குள் போனாலும் அத்தான் கதவை ஒட்டிய நாற்காலியில்தான் உட்காருவார். டாக்டரிடம் போனாலும் விருந்துக்குப் போனாலும் அப்படித்தான். ஸ்பிரிங் கம்பெனியில் வந்த பழக்கம் அது. ஆபீஸ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, பட்டறையில் ஓடும் மெஷின்களைக் காதாலேயே கவனிப்பார். சத்தம் கொஞ்சம் பிசகினால் பாதிப் பேச்சில் எழுந்து ஓடுவார்.

அவரும் அவர் தம்பியும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. அத்தானுக்கு மெஷின், சின்னவருக்குக் கணக்கும் வெளிவேலையும். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அக்கா வீட்டோடு வந்துவிட்டவள். மதியச் சாப்பாட்டைக் கொண்டுபோய் அவர்களுக்குப் பரிமாறுவது என் வேலை. யாரோடும் அதிகம் பேசமாட்டேன். அதனாலேயே என் எதிரில் எல்லாரும் தாராளமாகப் பேசுவார்கள்.

டைரக்டர்கள் கூட்டம் என்று அங்கே தனியாக எதுவும் நடந்ததில்லை. சாப்பாட்டு மேசைதான் கூட்டம். அத்தான் வலது கையால் பிசைந்தபடியே, சின்னவர் நீட்டும் தாளில் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போடுவார்.

"என்னடா எழுதியிருக்கே?"

"எப்பவும் போலத்தாண்ணே. சோறு ஆறுது, சாப்பிடு."

"கோழி கிளறின மாதிரி இருக்கே, பரவாயில்லையா?"

"நீ எந்தக் கையால போட்டாலும் டைரக்டர் கையெழுத்துதான்."

அன்றும் அப்படித்தான் போட்டார். நானும் சிரித்துக்கொண்டே குழம்பு ஊற்றினேன். அடுத்த வாரம் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. அன்று கையெழுத்துப் போட்ட தாளின்படி அத்தான் தானாகவே பதவி விலகிவிட்டாராம். கூட்டம் அதை ஏற்றுக்கொண்டதாம்.

வீட்டு வழக்கு ஒன்றை முன்பு நடத்திக்கொடுத்த வக்கீலிடம் போனோம். அண்ணன் தம்பி தகராறுதானே, சிவில் கோர்ட்டிலேயே போடலாம் என்றார். அத்தான் கேட்டது ஒன்றுதான்: "என்னை மறுபடி மெஷின்கிட்ட விடச் சொல்லுங்க, போதும்."

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "நீதாம்மா சாட்சி. பார்த்ததைச் சொல்லு."

அடுப்படியில் நின்று சொல்லிச் சொல்லிப் பழகினேன். 'அங்கே கூட்டம் எதுவும் நடக்கவில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.' முதலில் குரலே எழும்பவில்லை. பிறகு பக்கத்து அறைக்குக் கேட்கும் அளவுக்கு வந்தது.

ஆனால் வழக்கு அதுவரைக்கும் போகவே இல்லை. கம்பெனி நிர்வாகத் தகராறை விசாரிக்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டா என்று எதிர்த்தரப்பு கிளப்பிய கேள்வியிலேயே வருஷங்கள் போயின. கடைசியில், அதிகாரம் இல்லை, கம்பெனித் தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்றார்கள். அப்பீலிலும் அதே பதில்.

"அப்போ நான் சொல்றது பொய்யா?" அத்தான் கேட்டார்.

"பொய்னு யாரும் சொல்லலை சார். அதைக் கேக்குற இடம் இது இல்லைங்கிறாங்க."

"இத்தனை வருஷமா இங்கதானேய்யா உக்காந்திருந்தேன்!"

வக்கீல் வழக்குக் கட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அக்கா, "விட்டுத் தொலைங்க. அவனே வச்சு அழட்டும்" என்றாள். அத்தான் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

நாங்கள் தீர்ப்பாயத்துக்குப் போவதற்குள் சின்னவர் மெஷின்களை விற்றுவிட்டார். ஏன் இவ்வளவு தாமதம் என்பதுதான் அங்கே கேட்ட முதல் கேள்வி.

வழக்கு இன்னும் அந்தக் கேள்வியிலேயே நிற்கிறது. பட்டறை இருந்த இடத்தில் இப்போது கார்களை நிறுத்துகிறார்கள். அத்தானுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. தீர்ப்பாயத்திலும் கதவோரமாகத்தான் உட்காருகிறார். பெயரைக் கூப்பிட்டால் நான் தோளைத் தொட்டுச் சொல்கிறேன். அன்று சாப்பாட்டு மேசையில் என்ன நடந்தது என்று என்னை இதுவரை யாரும் கேட்கவில்லை.