என் பல்லுக்காக அஞ்சலை வேண்டிக்கொண்ட அலகு

சாமைச் சோற்றில் ஒரு கல் இருந்தது. கல் தப்பித்துக்கொண்டது. என் பல் தப்பவில்லை.

நான் கால்நடை ஆய்வாளர். வெள்ளிமலைப் பக்கம் ஒரு வீட்டில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டு முடித்ததும், சாப்பிடாமல் போகக்கூடாது என்று உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டாவது கவளத்தில் கீழ்த்தாடையின் இடப்பக்கம் ‘டக்’ என்றது. வலி உச்சந்தலை வரை போய்த் திரும்பியது. “இன்னா சார், காரம் ஜாஸ்தியா?” என்று அந்த வீட்டம்மா கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு எழுந்துகொண்டேன்.

மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் பேருந்து ஒரு பக்கம் சாய்ந்தது, நான் இன்னொரு பக்கம் சாய்ந்தேன். கள்ளக்குறிச்சியில் இறங்கி நேராகப் பல் மருத்துவரிடம் போனேன். என் மகள் வயதுதான் அவருக்கு. மாட்டின் உதட்டைப் பிரித்துப் பல்லைப் பார்த்து வயது சொல்வது என் தொழில். என் உதட்டைப் பிரித்து ஒருவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்தபோதுதான், மாடு ஏன் முட்டுகிறது என்று எனக்குப் புரிந்தது.

பல் வேர்வரை பிளந்திருந்தது. எடுத்துவிட்டார். அதற்குப் பின்னால் இருந்த பல் சில வருடங்களுக்கு முன்பே போயிருந்ததால், இப்போது அங்கே இரண்டு பற்களின் இடம் காலி. என் நாக்கு அந்தக் காலி இடத்தைப் பார்த்துவிட்டு வர நாள் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டை ஒரே பக்கம் மென்று மென்று வலது தாடை ஓய்ந்துவிட்டது.

“ரெண்டு வழி இருக்கு சார்” என்றார் மருத்துவர். ஒன்று பிரிட்ஜ் (இடைவெளியின் இருபக்கமும் உள்ள பற்களைச் சுற்றிலும் ராவி, அவற்றின்மேல் உறை மாட்டி, நடுவில் செயற்கைப் பற்களைத் தாங்க வைப்பது). இன்னொன்று இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் துளையிட்டு உலோகத் திருகைப் பதித்து, அது இறுகியபின் மேலே பல்லைப் பொருத்துவது). முதலாவது சீக்கிரம் முடிந்துவிடும். இரண்டாவது மாதக்கணக்கில் இழுக்கும், செலவும் கூடுதல்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் பல்லைப் பற்றி என்னைத் தவிர எல்லாருக்கும் தெளிவான கருத்து இருந்தது. என் மனைவி அஞ்சலையின் தம்பி வேலு கரும்பு விவசாயி. தியாகதுருகத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், காபியைக் கீழே வைக்காமலே தீர்ப்பு சொன்னான்.

“வாணாம் மாமா. அது போர் போடற மாரி. எங்க நெலத்துல மூணு எடத்துல போட்டும் பொகதான் வந்திச்சு. உங்க வாயில மட்டும் இன்னா கொட்டப்போவுது?”

“ஒரே வாரத்துல முடியறத வுட்டுட்டு, எலும்புல ஓட்ட போட்டுக்கினு ஒக்காரப் போறீங்களா?” என்றாள் அஞ்சலை. ஊசி என்று எழுதிக் காட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. இத்தனை வருடம் என்னோடு இருந்து எலும்பும் முறுக்கும் கடித்துக் கொடுத்த இரண்டு நல்ல பற்களை, பக்கத்து இடம் காலியாக இருக்கிற ஒரே குற்றத்துக்காக ராவித் தள்ளுவதா? இம்ப்ளாண்ட் என்று முடிவு செய்தேன். இதைப் படிக்கிற நீங்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே சொத்தையாகி உறை போடும் நிலையில் இருந்தால் பிரிட்ஜே போதும் என்று மருத்துவரே சொன்னார்.

எனக்கு இருந்த சிக்கல் வேறு. சர்க்கரை. மூன்று மாதச் சராசரியைப் பார்த்த மருத்துவர், “இதைக் குறைச்சுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்” என்று அனுப்பிவிட்டார். சோற்றைக் குறைத்தேன். நடந்தேன். தெருநாய்கள் எல்லாம் எனக்குப் பழக்கமாயின. சர்க்கரை இறங்கியபின் தை மாதத்தில் இரண்டு திருகுகளையும் பதித்தார்கள். மரத்துப் போகும் ஊசி போட்டதால் வலி இல்லை. ஆனால் துளையிடும் அதிர்வு காதுக்குள் கேட்டபோது வேலுவின் முகம் கண்முன்னே வந்து தொலைத்தது.

எல்லாம் முடிந்து அஞ்சலையை உள்ளே கூப்பிட்டார் மருத்துவர். “இனிமே எலும்பு வளந்து திருகை இறுகப் பிடிச்சுக்கணும்மா. சுகர் ஏறினாலோ, சீழ் பிடிச்சாலோ ஒட்டாமப் போயிடலாம். அப்படிப் போனா வெளியே எடுத்துடுவோம். அவருக்கு எலும்பு கம்மி, அதே எடத்துல மறுபடி போடறது கஷ்டம்.”

அஞ்சலை கண்ணை மூடிக் கைகூப்பினாள். மருத்துவரைக் கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். பேருந்தில் ஏறியபின்தான் விவரம் வெளியே வந்தது.

“பல்லு நல்லபடியா ஒட்டிக்கணும், பங்குனி உத்திரத்துக்கு அலகு குத்தறோம்னு முருகன் கிட்ட வேண்டிக்கினேன்.”

வாயில் பஞ்சு இருந்ததால் விரலால் என்னையே சுட்டிக் காட்டினேன்.

“பின்ன? பல்லு யாருக்கு?”

அட முருகா! வாயில் புண் ஆற வேண்டும் என்பதற்காக வாயிலேயே வேல் குத்திக்கொள்ளும் வேண்டுதலை உலகத்தில் வேறு யார் வைப்பார்கள்? தையல் பிரிக்கப் போனபோது மருத்துவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கையில் இருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்.

“கன்னத்துலயா? எந்தப் பக்கம்?”

“ரெண்டு பக்கமும் சேத்து, மேடம்.”

“சார், சுகரை வெச்சுக்கிட்டு வாய்க்குள்ள புதுசா ஓட்டை போடுவீங்களா? திருகு ரெண்டும் போயிடும். காவடி தூக்குங்க, மொட்டை அடிங்க. வாயை மட்டும் விட்டுடுங்க.”

கோயில் பூசாரி நல்லவர். வெள்ளியில் உருவம் வாங்கி உண்டியலில் போட்டால் முருகன் ஏற்றுக்கொள்வார் என்றார். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவுக்கு இருவரும் போனோம். வெள்ளிக் கடைக்காரர் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். கண் இருந்தது. கை, கால், தொட்டில், தேள், மாடிவீடு எல்லாம் இருந்தன. பல் இல்லை.

“பல்லுக்கு யாரும் வேண்டிக்கறதில்லிங்க” என்றார் அவர். “முழு மொகம் தரட்டா?”

அஞ்சலை அந்த வெள்ளி முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது வாய மூடிக்கினு இருக்குதே! முருகன் இன்னாத்தப் பாத்து இன்னாத்த ஒட்டவைப்பாரு?”

முகத்தை டப்பாவிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள். “அலகு குத்தறோம்னுதான் சொன்னேன். யாருக்குன்னு சொல்லலியே. நான் குத்திக்கிறேன்.”

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாளே காப்புக் கட்டிக்கொண்டு விரதம் தொடங்கினாள். “உனக்கு ஊசின்னாலே ஆவாதே” என்று கெஞ்சினேன். “உங்களுக்கு மட்டும் ஆச்சா?” என்றாள். வேலுவைவிட்டுச் சொல்லச் சொன்னேன். அவன் அக்காவைப் பார்த்ததும், ஆட்டம் பாட்டத்துக்குப் பம்பை மேளம் ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனான்.

உத்திரத்தன்று குளத்தங்கரையில் மஞ்சள் புடவையில் நின்றாள். பூசாரி கன்னத்தில் விபூதியை அழுத்தித் தேய்த்தார். அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்தன. பயத்தில் வாய் ஓயாமல் பேசினேன். வெயில் கம்மிதான் என்றேன், பக்கத்தில்தான் கோயில் என்றேன், வேண்டாமென்றால் இப்போதும் திரும்பிவிடலாம் என்றேன். வேல் ஒரு கன்னத்தில் நுழைந்து மறு கன்னத்தில் வெளியே வந்தது. அவள் கண் இமைக்கவில்லை. என்னைப் பார்த்தாள். பேச முடியாததால், பேச்சை நிறுத்து என்று கையால் காட்டினாள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஆயிரக்கணக்கில் ஊசி குத்திய நான், மேளச் சத்தத்துக்கு நடுவே நின்று தேம்பித் தேம்பி அழுதேன்.

கோடையில் மருத்துவர் திருகுகளைச் சோதித்தார். கருவியை வைத்து முறுக்கிப் பார்த்தார், அசையவில்லை. “நல்லா பிடிச்சிருக்கு சார். சுகரை ஒழுங்கா வெச்சிருக்கீங்க.” அஞ்சலை என்னைப் பார்த்த பார்வையில் சர்க்கரைக்கு இடமே இல்லை. ஆனி மாதத்தில் மேலே பல் பொருத்தினார்கள். முதல் சில நாள் வேறு யாருடைய பல்லையோ வாயில் வைத்திருப்பது போல் இருந்தது. இப்போது எது பழசு எது புதுசு என்று நாக்குக்கே மறந்துவிட்டது.

அஞ்சலையின் கன்னங்களில் இரண்டு சிறு தழும்புகள் மட்டும் இருக்கின்றன. சிரித்தால் குழிக்குள் மறைந்துவிடும்.

இம்ப்ளாண்ட் எத்தனை வருடம் வரும் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். சுத்தமாக வைத்துக்கொண்டால், சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கொண்டால், நெடுங்காலம் வரும் என்றார் மருத்துவர். முன்பெல்லாம் மாத்திரையை மறப்பேன், பல் துலக்காமலே படுத்துவிடுவேன். என் உடம்பு, என் இஷ்டம் என்று இருந்தேன். இப்போது தினமும் இரவில் ஈறோரம் சின்ன பிரஷை விட்டுச் சுத்தம் செய்கிறேன். கல்யாண வீட்டில் ஜாங்கிரியைக் கையால்கூடத் தொடுவதில்லை. அவ்வளவு கட்டுப்பாடா என்று எல்லாரும் ஆச்சரியப்படுகிறார்கள்.

கட்டுப்பாடு ஒன்றும் இல்லை. இந்தப் பல் ஆடினால், வருகிற பங்குனியில் வேல் யார் கன்னத்தில் ஏறும் என்று எனக்குத் தெரியும்.