நட்ட செடி கணக்கில் வராது

கத்தரிக்காயும் ஊமத்தையும் ஒரே குடும்பம் என்று துரைசானி சொன்ன அன்று, நான் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தேன். வந்ததும் வராததுமாக அதை எடுத்துப் போய்க் கொட்டிவிட்டேன். ஷிப்ட் முடிந்து தங்கச் சுரங்கத்திலிருந்து ஏறி வந்த என் வீட்டுக்காரர் வெறும் சோற்றைப் பார்த்து, "இன்னாமே, கொழம்பு எங்க?" என்றார். காரணத்தைச் சொன்னேன். மனிதர் சிரிக்கக்கூட இல்லை.

"உங்க அண்ணன் மொடாக்குடியன். அதுக்காவ உன்ன நான் கொட்டிட்டனா?" என்றார்.

சுரங்கத்துக்கு மின்சாரம் வருவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. துரைசானியின் கணவன் சுரங்கத்தில் அளவுக்காரத் துரை. அவர் பூமிக்கடியில் அளந்துகொண்டிருக்க, இந்த அம்மாள் பூமிக்கு மேலே செடி பொறுக்கினாள். ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு பூதிகோட்டைப் பக்கம் வரைக்கும் போவாள். தோளில் தொங்கும் தகரப் பெட்டி நிறைய வேரோடும் பூவோடும் செடிகள் வரும். ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் நான்கு வகுப்பு படித்தவள் என்பதால் என்னைத் தனக்கு உதவியாக வேலைக்கு வைத்துக்கொண்டாள். செடிகளைப் பழைய செய்தித்தாளுக்கு நடுவில் விரித்து, பலகை வைத்து இறுக்கிக் கட்டி, ஈரத்தாளை மாற்றி மாற்றிக் காயவைப்பது என் வேலை. காய்ந்தவை கப்பலேறிச் சீமைக்குப் போகும்.

அந்த வேலையில் சேர்ந்த பிறகு எனக்கு அதிர்ச்சிக்குக் குறைவே இல்லை. துளசியும் தும்பையும் ஒரே குடும்பம் என்றாள். பூவுக்குள்ளேயே ஆணும் பெண்ணும் இருக்கின்றன என்றாள். பனையில் ஆண் பனை, பெண் பனை உண்டு என்பது எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் நான் தலையில் வைத்துக்கொண்டு திரிகிற பூவுக்குள் இரண்டும் சேர்ந்து குடித்தனம் நடத்துகின்றன என்று கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் பூ வைக்காமல்தான் போனேன்.

இலையைப் பார்த்து ஏமாறாதே, பூவைப் பிரித்து எண்ணு என்பாள். இதழ் எத்தனை, கேசரம் எத்தனை, சூல்பைக்குள் எத்தனை அறை என்று எண்ணினால் குடும்பம் தெரிந்துவிடும். ஒரே சாதிச் செடியில் ஒன்று கிடைத்தால் அவளுக்குப் போதாது. நாலைந்து வேண்டும். ஆளுக்கொன்றாக வேறு வேறு ஊர்களில் இருக்கிறவர்களுக்கு அனுப்புவாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருந்தது. செடி தானாக முளைத்ததாக இருக்க வேண்டும். ஆள் நட்டது என்று தெரிந்தால் தொடமாட்டாள்.

கிழங்குள்ள செடிக்கு மட்டும் தனிப் பாடு. காகிதத்துக்குள் இறுக்கி வைத்தாலும் அது சாகாது. இருட்டில் கிடந்தபடியே துளிர்விட்டுக் காகிதத்தைக் கிழிக்கும். ஆகையால் கிழங்கைக் கொதிக்கிற நீரில் அமிழ்த்திக் கொன்ற பிறகுதான் கட்டுவோம். முதல் தடவை பார்த்தபோது, அடிப்பாவி, செடியைக்கூட இப்படிக் கொல்வார்களா என்று இருந்தது. பிறகு பழகிவிட்டது.

இதற்கு நடுவில்தான் என் மகன் இறந்தான். பல் முளைக்கிற பருவம். காய்ச்சல் வந்தது, எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவனைப் பெற்ற எனக்கு அவனைப் புதைத்த இடம் தெரியாது. எங்களில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. தங்கம் எடுக்கக் குவார்ட்ஸ் கல்லைப் பொடிக்கிற ஆலைக்குப் பின்னால் ஒரு கல்மேடு உண்டு. சுரங்கக் கூலிகளின் லைன் வீடுகளில் இறந்துபோகிற பால்மணம் மாறாத பிள்ளைகளையெல்லாம் அங்கேதான் வைப்பார்கள். மேலே பெயர் கிடையாது, நான்கு கல் மட்டும். அந்தக் கல்லையும் நரி உருட்டிவிடும்.

எங்கள் ஊரில் இப்படிப்பட்ட குழிமேல் நரிவெங்காயம் நடுவார்கள். அதன் காரலுக்கு நரி தோண்டாது என்று நம்பிக்கை. தாய்வீட்டுக்குப் போனபோது கிணற்றுமேட்டிலிருந்து கிழங்குகளைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். என் வீட்டுக்காரர் ஒன்றை நட்டார். மீதியை எங்கள் லைனில் பிள்ளையைப் பறிகொடுத்த மூன்று பெண்களுக்குக் கொடுத்தேன். அவர்கள் வீட்டு ஆண்களும் நட்டார்கள். நரிவெங்காயத்துக்கு ஒரு குணம் உண்டு. மழைக்காலம் போனதும் இலை முழுவதும் பட்டுப்போய்த் தரை மொட்டையாகிவிடும். பிறகு பங்குனியில் ஒரு இலைகூட இல்லாமல் வெறும் தண்டு மட்டும் எழுந்து பூக்கும். "பூத்துகீது" என்று அவர் வந்து சொன்னால் எனக்கு அது போதும். என் பிள்ளைக்கு ஓர் இடம் இருந்தது.

அந்தப் பங்குனியில் ஒரு நாள் துரைசானி காலையிலேயே கிளம்பிப் போய்ப் பகலில் திரும்பினாள். வந்ததும் வெந்நீர் கேட்டாள். ஒரு பாத்திரம் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். இன்னொன்று என்றாள். இரண்டாவது பாத்திரத்தோடு உள்ளே நுழைந்தேன். தொப்பியைக்கூடக் கழற்றாமல் மேசைக்கு முன்னால் நின்றிருந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

"பார்! இந்தப் பக்கத்திலே இதை யாருமே பார்க்கல. நாலு! நாலும் பூவோட!"

இரண்டு கிழங்குகள் முதல் பாத்திரத்தில் வெந்துகொண்டிருந்தன. இரண்டு மேசைமேல் கிடந்தன. இலையில்லாத தண்டு, நுனியில் வாடிய பூ. நரிவெங்காயம்.

"எங்க எடுத்தீங்கம்மா?"

"ஆலைக்குப் பின்னாலே ஒரு கல்லு மேடு. அங்கே மட்டும்தான் இருக்கு. ரொம்ப ஆச்சரியம்!"

வெந்நீர்ப் பாத்திரத்தைக் கீழே போடவில்லை. போட்டிருந்தால் கால் வெந்திருக்கும், அதுகூட எனக்கு உறைத்திருக்காது. மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு மேசையில் இருந்த கிழங்கு ஒன்றை எடுத்தேன். வேரைப் பற்றியிருந்த மண்ணை விரலால் தள்ளினேன். உள்ளே ஒரு கருகமணி இருந்தது. பிள்ளையின் கையில் திருஷ்டிக்குக் கட்டுகிற கருகமணி. என் மகனுக்கும் கட்டியிருந்தேன். எந்தப் பிள்ளைக்குத்தான் கட்டவில்லை?

"இது காட்டுச்செடி இல்லம்மா. நான் ஊர்ல இருந்து கொண்டாந்தது" என்றேன்.

"நட்டதா?"

"நட்டதுதான்."

"நாலுமா?"

"நாலும்."

அவள் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் எறிந்தாள். "அப்போ வேண்டாம். நட்ட செடி கணக்கிலே வராது" என்று சொல்லி, மேசையில் இருந்த மற்றொன்றைக் கிழிந்த தாள்களோடு சேர்த்து ஓரமாகத் தள்ளினாள்.

திருப்பிக் கேட்டால் கொடுக்கமாட்டாள், காலில் விழ வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு வாய்ச் சொல்லில் அது குப்பை ஆகிவிட்டது. அதற்குள் எரிச்சலோடு இன்னொன்றும் கேட்டாள்.

"அங்கே போய் எதுக்கு நட்டே? அது யாருடைய தோட்டம்?"

"தோட்டம் இல்லம்மா. கீழ புள்ளைங்க இருக்குது."

அவளுக்கு விளங்கவில்லை. கருகமணியை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். மணியைப் பார்த்தாள். பிறகு தன் நகங்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் எல்லாம் மேட்டு மண். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. ஓடிப்போய்ப் பீங்கான் தொட்டியில் கையை விட்டுச் சோப்புப் போட்டுக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். "எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது" என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். அது நிஜம்தான். அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அந்தச் சோப்பு வாசனை எனக்கு ஆத்திரத்தை மூட்டியது.

"புள்ள மண்ணும்மா அது. அழுக்கில்ல" என்றேன்.

அவள் கழுவுவதை நிறுத்தினாள். எந்தக் கிழங்கு எந்தக் குழியில் இருந்தது என்று கேட்டேன். நான்கையும் ஒரே பெட்டியில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். "நாலும் ஒண்ணுதானே?" என்றாள் குழப்பத்தோடு. அவள் கேட்டதில் பிழையில்லை. இதழ் ஆறு, கேசரம் ஆறு, சூல்பைக்குள் மூன்று அறை. எப்படி எண்ணினாலும் நான்கும் ஒன்றுதான். வெந்ததையும் வேகாததையும் புடவையில் முடிந்துகொண்டு வெளியே வந்தேன். மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. அவளும் ஆள் அனுப்பவில்லை.

கிழங்குகளைக் கொண்டுவந்த அன்றே சாயங்காலம், பெண் போகக்கூடாத மேட்டுக்கு நானும் போனேன். என் வீட்டுக்காரர் தடுக்கவில்லை. அங்கே நான்கு குழிகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. வேர் அறுந்துவிடக் கூடாது என்று துரைசானி ஆழமாக, பொறுமையாகத் தோண்டியிருந்தாள். அடையாளக் கற்கள் எல்லாம் ஒரே பக்கமாகக் குவிந்திருந்தன. பூமிக்கடியில் கும்மிருட்டிலும் எந்த லெவலில் நிற்கிறோம் என்று சொல்லிவிடுகிற மனிதர் என் வீட்டுக்காரர். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு குழியாகப் போய்க் குந்திப் பார்த்தார்.

"எதுங்க நம்முளுது?"

"செடியத்தாம்மே அடையாளம் வெச்சிருந்தேன்" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

உயிரோடு இருந்த கிழங்கு இரண்டுதான். "நீயே நடு" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெற்ற வயிறு காட்டிக்கொடுக்கும் என்று நினைத்தேன். எதுவும் காட்டிக்கொடுக்கவில்லை. ஏதோ இரண்டு குழியில் நட்டேன். மற்ற இரண்டில் வெந்த கிழங்குகளைப் போட்டு மூடினேன். கருகமணியை எதில் போடுவது என்று தெரியாமல், கடைசியில் மூடின குழியில் போட்டேன். இருட்டுவதற்குள் நான்கின் மேலும் கல் ஏற்றிவிட்டு வந்தோம்.

லைனில் போய்ச் சொன்னேன். ஒரு குடும்பம் அதற்குள் ஊரோடு போய்விட்டிருந்தது. ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். எங்களுக்கு மூன்றாவது வீட்டுப் பெண் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த பங்குனியில், மேட்டில் ஒரே ஒரு தண்டு எழுந்திருக்கிறது என்று அவர் வந்து சொன்னார். நட்ட இரண்டில் ஒன்று மட்டும் பிழைத்திருக்கிறது. அது என் மகனுடைய இடம்தான் என்று மனசு அடித்துச் சொன்னது. ஒரு சொம்பில் பாலை எடுத்துக்கொண்டு, யார் பார்த்தால் என்ன என்று ஓடினேன்.

மூன்றாவது வீட்டுப் பெண் எனக்கு முன்னாலேயே அங்கே உட்கார்ந்திருந்தாள். தண்டைச் சுற்றி மண் ஈரமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, செடிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"எம்புள்ளதாங்க்கா இது. எனக்குத் தெரியும். நீயே சொல்லு, எம்புள்ளதானே?" என்றாள்.

நானும் அதையேதான் சொல்ல வந்திருந்தேன். அவள் கண்ணைப் பார்த்தேன்.

"ஆமாம்மே, உம்புள்ளதான்" என்றேன்.

என் வாயா அதைச் சொன்னது என்று எனக்கே திகைப்பாக இருந்தது. அவள் என் தோளில் விழுந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. மற்ற மூன்று குழிகளில் எதில் ஊற்றுவது என்று தெரியாமல், சொம்புப் பாலை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.