ஆற்றங்கரையாளும் என் மச்சாளும்

மச்சாள் எங்களைக் கூப்பிட்டுக் காட்டிய முதல் படத்தில் ஒரு பின்னங்காலும் பாதி வாலும்தான் இருந்தன. மீதி உடம்பு கமராவைத் தாண்டிப் போயிருந்தது. சேறு, ஈரச் சருகு, மஞ்சள் தோலில் கறுப்பு வளையங்கள். “வடிவாப் பாருங்கோ, வளையத்துக்குள்ள புள்ளி இருக்கு. எங்கட வன்னிச் சிறுத்தைக்கு இப்பிடி இராது. இது ஜாகுவார்” என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது. அடுப்பில் கணவாய்க் கறி அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு காலைக் காட்டவா இந்த மனுசி என்னைக் கூப்பிட்டது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மச்சாள் என் கணவரின் அக்கா. கிளிநொச்சியில் விலங்கியல் படிப்பித்தவர். போரின் கடைசி நாட்களில் சனத்தோடு சனமாக நடந்து வந்தபோது, அவருடைய கணவர் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று விலகிப் போனார். திரும்பி வரவில்லை. பிறகு முகாம், விசாரணை, அலைச்சல். ஒருவழியாகத் தம்பி விசா எடுத்துக் கொடுக்க, நியூசிலாந்தின் ஓக்லாந்தில், மாசி என்ற புறநகரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். காலையில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. பின்னேரம் வந்து குளித்து, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு கணினிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

அந்த இணையத்தளத்தை முதலில் திறந்தவள் என் மகள், பள்ளிக்கூட வேலைக்காக. தென்னமெரிக்கக் காடொன்றில் மரங்களில் கட்டிவைத்த கமராக்கள் எடுக்கும் படங்களை, உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வீட்டிலிருந்தபடியே பார்த்து, இந்த ஜாகுவார் முன்பு வந்ததா, புதியதா என்று குறித்துக் கொடுக்க வேண்டும். ஒன்றின் வளையங்கள் இன்னொன்றுக்கு இருக்காது. ஒரே மிருகத்துக்குக்கூட இடது பக்கம் வேறு, வலது பக்கம் வேறு. மகள் ஒரு கிழமையில் அலுத்துப்போய் விட்டுவிட்டாள். மச்சாள் பிடித்துக்கொண்டார். அதில் ஒரு பெண் ஜாகுவாருக்கு வலது தோளில் மூன்று வளையங்கள் அடுப்புக்கல் போல நெருங்கி இருந்தன. எப்போதும் ஆற்றோரக் கமராவில்தான் அகப்படும். மச்சாள் அதற்கு ஆற்றங்கரையாள் என்று பெயர் வைத்தார்.

சாப்பாட்டு மேசையில் வேறு கதையே கிடையாது. அகன்ற ஆற்றை நீந்திக் கடக்குமாம். முதலையை மண்டையில் கடித்துக் கரைக்கு இழுக்குமாம். அது இருக்கிற காட்டில்தான் மானும் பன்றியும் அளவோடு இருக்கும், மரக்கன்று தலைதூக்கும் என்பார். மாட்டுப் பண்ணைக்காகக் காட்டைத் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள், ஒரு துண்டிலிருந்து மற்றத் துண்டுக்கு இவை நடந்து போவதற்குப் படம்தான் சாட்சி என்பார். “இருக்கினம் எண்டு காட்டினால்தான் காட்டை விட்டு வைப்பினம்.” மிருகத்துக்கும் ‘இருக்கினம்’ என்று அவர் கொடுத்த மரியாதையைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரும். வீதிக்கு வீதி பாலும் வெண்ணெயும் விற்கிற நாட்டில் இருந்துகொண்டு மாட்டுப் பண்ணையைத் திட்டுகிறீர்களே என்று என் கணவர் சீண்டுவார். மச்சாள் ரொட்டிக்கு வெண்ணெய் பூசியபடியே திட்டுவார்.

சீண்டல் எல்லாம் அவருடைய பொட்டைப் பற்றிய பேச்சு வந்ததும் நின்றுவிடும். பாபடோயிட்டோய்ப் பகுதியில் இருந்த தமிழ்க் கடைக்குச் சாமான் வாங்கப் போனால் தெரிந்தவர்கள் முதலில் அவருடைய நெற்றியைப் பார்ப்பார்கள், பிறகுதான் சுகம் கேட்பார்கள். இன்னும் எவ்வளவு காலம் இப்படிக் காத்திருப்பது, கிரியை செய்தால் அக்காவின் மனம் ஆறும் என்று என் கணவர் நினைத்தார். ஐயரோடு கதைத்தார். உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் கிரியை செய்யலாம் என்றார் ஐயர். நாளும் குறித்தாயிற்று. அதற்குப் பிறகு மச்சாள் பொட்டு வைக்க முடியாது. அவருடைய மனுசன் இறந்தவர் என்று அவரே கையால் முடித்துவைத்த மாதிரி ஆகும்.

சொன்னபோது மச்சாள் அழவில்லை. கணினியைத் தம்பியின் பக்கம் திருப்பினார்.

“ஆத்தங்கரையாளைக் கனநாளாக் காணேல்லை. தளத்துக்காரர் ‘காணேல்லை’ எண்டுதான் போட்டிருக்கிறாங்கள். செத்துப்போச்சு எண்டு போடுறதுக்கு உடம்பு வேணுமாம். ஒரு மிருகத்துக்கு இருக்கிற ஞாயம் என்ர மனுசனுக்கு இல்லையோ?”

ஆனாலும் கணவர் குறித்த நாளை மாற்றவில்லை.

கிரியைக்குச் சில நாட்கள் இருந்தன. நான் தேத்தண்ணீர் கொண்டுபோனபோது திரையில் சீமெந்துத் தரை ஒன்று தெரிந்தது. அதில் ஒரு தோலை விரித்து வைத்திருந்தார்கள். வேட்டைக்காரரிடம் பிடித்ததாம், எந்த மிருகம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டு எல்லாருக்கும் அனுப்பியிருந்தார்கள். விலாவில் ஒரு துளை. வலது தோளில் அந்த மூன்று வளையங்கள். எனக்கே தெரிந்தது. மச்சாள் பழைய படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிழை விட்டுவிடக் கூடாது என்பது போலத் திரும்பவும் பார்த்தார். பிறகு தளத்தில் ஆற்றங்கரையாளுக்குக் கொடுத்திருந்த இலக்கத்தை அடித்து அனுப்பிவிட்டு, தேத்தண்ணீரைத் தொடாமல் அழுதார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அழுததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். காட்டில் நடந்து திரிந்த ஒன்றைத் தரையில் பாய் மாதிரி விரித்துக் கண்ட நான், கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

விசயம் கேள்விப்பட்ட கணவர், இனி அக்கா சம்மதிப்பார் என்று எண்ணிக்கொண்டு அறைக்குள் வந்தார். “இப்பவாவது விளங்குதே அக்கா?” என்று மெல்லக் கேட்டார்.

“விளங்குது. அவளுக்குத் தோல் கிடைச்சுது, நான் பாத்துச் சொன்னனான். அவருக்கும் அப்பிடி ஏதாவது ஒண்டைக் கொண்டு வா. அண்டைக்கு நானே பொட்டை அழிக்கிறன்.”

கணவர் ஐயருக்குத் தொலைபேசி எடுத்து, வேண்டாம் என்று சொன்னார்.

அந்த ஆற்றோரத்தில் காவலுக்கு ஆட்கள் போடப் போவதாகப் பின்பு ஒரு மின்னஞ்சல் வந்தது. போட்டார்களோ தெரியாது. வரும் படங்கள் குறைந்துகொண்டே போயின. சில கிழமைகளில் வெறும் மரமும் மழையும்தான் வரும். மச்சாள் அதையும் கடைசிவரை பார்ப்பார். ஒன்றும் இல்லை என்று குறிப்பதும் வேலைதான் என்பார். ஊரிலிருந்தும் அவருக்குச் செய்தி ஒன்றும் வரவில்லை.

போர் முடிந்து பத்தாண்டு ஆகிற ஒரு குளிர்காலத்தில் நோய் அவரைக் கொண்டுபோனது. உடலைக் குளிப்பாட்டி உடுத்துவதற்கு நாங்கள் சில பெண்கள் இறுதிச்சடங்கு நிலையத்துக்குப் போனோம். நகரின் மறுபக்கம், பக்குரங்காவிலிருந்து வந்த சொந்தக்கார அம்மா ஒருவர் குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். “பிள்ளை, இவவுக்கு வைக்கலாமோ?” என்று என்னைக் கேட்டார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“காணேல்லை எண்டுதானே அம்மா இருக்கு” என்றேன்.

சிமிழை வாங்கி நானே வைத்தேன், அவர் வைக்கிற அளவுக்குப் பெரிதாக. அப்படியென்றால் கூறைச்சேலை வேண்டுமே என்றார் அந்த அம்மா. சுமங்கலியைக் கல்யாணக் கூறையோடு அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். மச்சாளின் கூறை வன்னியில் எந்தப் பதுங்குகுழிக்குள் உக்கிப் போனதோ. நான் காரை எடுத்துக்கொண்டு மாசியில் இருந்த வீட்டுக்குத் திரும்பிப் போனேன். என் கடைசி நாளுக்கென்று அலுமாரியில் வைத்திருந்த என்னுடைய கூறையைக் கொண்டுவந்து அவருக்கு உடுத்திவிட்டேன். பெட்டியை மூட முன் கணவர் வந்து பார்த்தார். அது யாருடைய சேலை என்று அவருக்குத் தெரியும், விலகியிருந்த தலைப்பைத் தன் கையால் சரிசெய்தார். அதை உடுத்திக்கொண்டுதான் மச்சாள் போனார், புருசன் உள்ள பெண்ணாக.