நடுவர் அக்கா வீட்டுப் புலி

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்காருபவளுக்கு ஒரு வித்தை தானாகக் கைவந்துவிடும்: வலியில் கத்துபவரிடம் திருப்பிக் கத்தாமல் இருப்பது. அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் இணையத்தில் தத்துவம் பேசும் குழு ஒன்று அவளை நடுவராகப் போட்டது. கருத்தை அடிக்கலாம், ஆளை அடிக்கக் கூடாது. மீறினால் பதிவைத் தூக்கிவிடுவாள். எல்லாருக்கும் அவள் 'நடுவர் அக்கா'.

அவள் குழுவைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு ஆசைப்பட்டு அவள் கணவனும் சேர்ந்துகொண்டான். வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பவன். சாப்பாட்டில் உப்பே இல்லாவிட்டாலும் வாய் திறக்காத மனிதன். வீட்டில் எலி, குழுவிலோ புலி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை 'ஆமை' என்ற பெயரில் எழுதுபவர், "மனிதன் செய்வதெல்லாம் அவன் பிறப்பும் வளர்ப்பும் செய்ய வைப்பது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது" என்று எழுதினார். கணவன் பாய்ந்துவிட்டான்: "முதுகெலும்பில்லாத உனக்கு இந்தத் தத்துவம் வசதிதான்."

அவள் அதை நீக்கினாள். மறுநாள்வரை எழுதத் தடையும் போட்டாள். கூடத்திலிருந்து அவன் சமையலறை வாசலுக்கே வந்துவிட்டான்.

"என்னையேவா?"

"புருஷனுக்குன்னு தனி விதி போட்டா, நாளைக்கு யாருங்க என்னை மதிப்பாங்க?"

அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். சாயங்காலம்வரை பேச்சு வார்த்தை இல்லை. கடைசியில் அவளுக்கே மனசு கேட்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அந்த ஆளு மேல அப்படி என்னங்க கோபம்?"

"அவர் மேல இல்ல." அவன் தரையைப் பார்த்தான். "எங்கப்பா அம்மாவை அடிச்சுட்டு இதையேதான் சொல்வாரு. 'என் பொறப்பு அப்படி, நான் என்ன பண்ண?'ன்னு."

இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் கேள்விப்படாத செய்தி. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தடையை மட்டும் எடுக்கவில்லை.

"நாளைக்கு எழுதுங்க. திட்டாம எழுதுங்க."

மறுநாள், நேற்றைய வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, அப்பா பேச்சை எடுக்காமல் எழுதினான்: "யாருமே குற்றவாளி இல்லையென்றால், அடிவாங்கியவள் யாரிடம் போய் நியாயம் கேட்பாள்?"

வெகுநேரம் கழித்து ஆமை பதில் போட்டார்: "தெரியவில்லை. யோசிக்கிறேன்."

"பாத்தியா, யோசிக்கிறாராம்!" என்று போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

இன்றுவரை அவனுக்கும் ஆமைக்கும் ஒத்துப்போனதில்லை. ஆனால் இரண்டு நாள் ஆமையின் பதிவு வராவிட்டால், "என்னடி, ஆளையே காணோம்?" என்று முதலில் கேட்பவன் அவன்தான்.