இன்ஜினைத் திறக்க மாட்டேன்

மோட்டார் சைக்கிள் மெக்கானிக் தொழிலில் ஒரு வசதி உண்டு: வண்டி ஆயில் கக்குகிறது என்று சொன்னால் யோசிக்கவே வேண்டாம், இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிடலாம். ஏன் பிரித்தாய் என்று கேட்க ஆள் கிடையாது. அந்த வசதியை நான் பயன்படுத்துவதில்லை, அதனால்தான் எனக்கு இத்தனை வம்பு.

பேண்ட்டில் ஆயில் கறையோடு ஆபீஸ் போய் அசடு வழிந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும்போது, அதற்கு அடியில் இருக்கும் காற்று போய்வர ஒரு வழி வேண்டும். அதற்கென்று ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது, பிரீதர் என்போம். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, கிடைத்த சந்து வழியாக ஆயிலை வெளியே தள்ளும். பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும் அழுத்தம் ஏறும், அப்போது திறந்துதான் ஆகவேண்டும். எது காரணம் என்று பார்க்காமல் திறக்க மாட்டேன் என்பது என் கட்சி.

நான் வேலை பார்க்கும் மந்தைவெளி ஷெட்டின் முதலாளி கஜபதி அண்ணன் எதிர்க்கட்சி. முதலில் திற, அப்புறம் பார் என்பார். ஷெட்டின் மூலையில் என் டூல் பெட்டி இருக்கிறது. பாய் எங்கே என்று என்னைக் கேட்டு வருகிறவர்கள் எல்லாம் அந்த மூலையைத் தேடித்தான் வருகிறார்கள். அந்தப் பெட்டி உள்ளே இருப்பதும் தெருவுக்கு வருவதும் அண்ணன் கையில்.

அடங்காத வண்டி

கோபாலபுரத்திலிருந்து ஒரு மாமா வந்தார். அவர் வண்டி நிறுத்தும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது என்று ஃபிளாட் சங்கத்தில் புகார். மாமா குனிந்து பார்த்திருக்கிறார். பிரீதர் குழாயின் முனையில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு போல்ட்டை அதில் திருகி, மேலே கம்பியும் சுற்றிவிட்டார். சொட்டுவது நின்றது, சங்கத்திலும் நல்ல பெயர். அடுத்த வாரம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது கியர் பக்கத்தில் ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் சீல் பிதுங்கி வெளியே வந்து, மாமாவின் செருப்பு வரைக்கும் ஆயில் அபிஷேகம்.

அண்ணன் வழக்கம்போல "போரு போச்சு, பிரிச்சுடலாம்" என்றார், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் தேய்ந்துவிட்டதாம். நான் விடவில்லை. போல்ட்டைப் பிடுங்கி, குழாயில் அடைத்திருந்த கசடை எடுத்து, புது சீல் போட்டேன். வண்டி சமர்த்தாக நின்றது. மாமா அந்த போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "எங்காத்துல நான் வாயை மூடிண்டா எல்லாம் அடங்கிடும். இது ஏன்பா அடங்கல?"

வெள்ளிக்கிழமை விருந்து

தி.நகரில் துணிக்கடையில் வேலை பார்க்கும் சீனுவுக்கு வண்டி என்றால் உயிர். வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து, பொட்டு வைத்து, ஆயில் அளவும் பார்ப்பார். பார்ப்பதுதான் கோளாறு. வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்து அளவுக் குச்சியை விட்டுப் பார்த்தால், அவர் வண்டியில் அளவு குறைவாகத்தான் காட்டும். உடனே பாசத்தோடு கொஞ்சம் ஊற்றுவார். நான் வண்டியை நிமிர்த்தி வைத்துப் பார்த்தபோது மேல் கோட்டையெல்லாம் தாண்டி ஆயில் எங்கேயோ போயிருந்தது. உள்ளே இடமில்லாத ஆயில் பிரீதர் வழியாக ஏர் ஃபில்டருக்கு ஏறி, வண்டி புகையாய்க் கக்கிக்கொண்டிருந்தது.

புகையைப் பார்த்ததும் அண்ணன் ரிங் போச்சு என்று தீர்ப்பு எழுதிவிட்டார். நான் அதிகப்படி ஆயிலை இறக்கிவிட்டு ஃபில்டரை மாற்றினேன், புகை நின்றது. சீனுவுக்குத்தான் மனசு ஆறவில்லை: "கொறைஞ்சா தப்புன்றீங்க, சரி. ஜாஸ்தியா வெச்சாகூடவா பாய் தப்பு?"

கெடு

இப்படி ஒவ்வொரு வண்டியிலும் எதிர்ப்பேச்சு பேசினால் எந்த முதலாளிக்குத்தான் பிடிக்கும்? அண்ணன் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் டில்லி வந்து சேர்ந்தார். கூவம் ஓரத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி, பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட குடும்பம். விடியற்காலையில் அங்கிருந்து கிளம்பிக் கோயம்பேட்டில் பூ எடுத்து, மயிலாப்பூர் குளத்தைச் சுற்றியுள்ள கடைகளுக்குப் போடுவார். அவர் வண்டியும் ஆயில் கக்கியது. பிரீதர் குழாய் வெடித்துக் கிடந்ததால் புதுசு போட்டேன். ஓட்டிப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை.

அண்ணன் டில்லிக்கு எதிரிலேயே என்னைக் கூப்பிட்டார். வயதான இன்ஜின், போரு போயிருக்கும், திறக்காமல் அனுப்பினால் ஷெட் பெயர் கெடும் என்றார். திறக்க வேண்டிய அவசியமில்லை என்றேன். எனக்கும் கோபம்தான், மறைப்பானேன். அண்ணன் சத்தம் போடவில்லை, நிதானமாகச் சொன்னார்: "இந்த வண்டி திரும்ப வந்துச்சுனு வையி, ஒன் பொட்டிய தூக்கினு போய்க்கினே இரு."

திரும்பி வந்த வண்டி

வந்தது. டில்லியின் வலது கால் முழுக்க ஆயில். அண்ணன் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. பெரிய ஸ்பேனர் செட்டை அவரே எடுத்து வந்து கீழே பரப்பினார். வண்டிக்கும் அதற்கும் நடுவில் என் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

வண்டியைச் சூடாக்கி, ஆயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி, காலி பால் கவரை ரப்பர் பேண்டால் அதில் கட்டினேன். ரிங் தேய்ந்திருந்தால் கவர் உப்பிக்கொண்டு நிற்கும். நிற்கவில்லை. லேசாக மேலும் கீழும் அசைந்தது, அவ்வளவுதான். குழாயிலும் அடைப்பில்லை. இன்ஜின் நன்றாக இருக்கிறது, ஆனால் கண்ணெதிரே ஆயில். எப்போது கக்குகிறது என்று டில்லியைக் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்ன பதிலில் நான் எழுந்து நின்றுவிட்டேன்: "காலைல லோடு ஏத்திக்கினு வரும்போதுதான் பாய் கக்குது. காலி வண்டில ஒண்ணியும் இல்ல."

சாமந்தி மூட்டை

நாளைக்குக் கடைக்குப் போகும் முன் மூட்டையை அவிழ்க்காமல் நேராக இங்கே வா என்றேன். அண்ணன் அந்த ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் காலையில் நான் போவதற்குள் என் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. அவரே தூக்கி வைத்திருக்கிறார். பார்த்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. இந்த இன்ஜினைத் திறந்துதான் இந்த மூலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமென்றால், அந்த மூலையே எனக்கு வேண்டாம் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

டில்லி சாமந்தி மூட்டையோடு வந்தார். மூட்டை சரியாமல் இருக்க, நைலான் கயிற்றை சீட்டுக்கு அடியில் விட்டு, சட்டத்தைச் சுற்றி, காலால் உதைத்து இறுக்கியிருந்தார். பூ ஏற்றுகிறவர்கள் கட்டும் கட்டு, புல்லட்டில் போனாலும் அவிழாது. அந்தக் கயிறு பிரீதர் குழாயையும் சேர்த்து நெரித்துக்கொண்டிருந்தது. ஷெட்டுக்கு வரும்போதெல்லாம் மூட்டையை இறக்கிக் கயிற்றையும் உருவிவிட்டு வந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? கவரைக் கட்டினேன், வண்டியைக் கிளப்பினேன். கவர் பூரி மாதிரி உப்பியது. கயிற்றைத் தளர்த்தினேன், தொங்கிவிட்டது. அண்ணன் தன் கையாலேயே மறுபடி இறுக்கிப் பார்த்தார். மறுபடி உப்பியது.

குழாயை வேறு பக்கமாகத் திருப்பி, மூட்டையைக் கேரியரோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன். பூ வாடுவதற்குள் போக வேண்டுமென்று டில்லி பறந்துவிட்டார். முந்தின நாள் பரப்பி வைத்த ஸ்பேனர்களை அண்ணன் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகு, தெருவைப் பார்த்துச் சொன்னார்: "போருன்னு நான் சொன்னது இந்த வண்டிய இல்லபா, பொதுவா சொன்னேன். அந்தப் பொட்டிய எடுத்து உள்ள வை, போற வழில கீது."

இன்ஜினைத் திறக்காமலே ஆயிலை நிறுத்துகிறவனுக்கு எங்கள் தெருவில் வேலை தெரியாதவன் என்று பெயர். அந்தப் பெயரோடுதான் இதே மூலையில் இருக்கிறேன், இனியும் இருப்பேன்.