வாசல்ல விரிச்ச லட்சுமி

நேத்துலேருந்து சிவகாசியில விடாத மழை. வீட்டுல நாங்க ரெண்டு பேருதான், ஆனா வீடு பூரா சேத்துக் கால் தடம். துடைச்சுத் துடைச்சு இடுப்பே விட்டுப்போச்சு.

அதனால இன்னைக்குக் காலையில வாசல்லேருந்து அடுப்படி வரைக்கும் தாள் விரிச்சேன். வீட்டுக்காரர் அச்சாபீஸ்லேருந்து கொண்டுவந்த, கலர் சரியா விழாத காலண்டர் தாள். எல்லாம் லட்சுமி படம். வெள்ளைப் பக்கம்தானே மேலே இருக்குன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

மத்தியானம் சிலிண்டர் போடுற அண்ணன் வந்தாரு.

"தரையில கால் வைக்காதீகண்ணே, தாள் மேலயே வாங்க"ன்னு அடுப்படியிலேருந்து கத்துனேன்.

ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தா, தோள்ல சிலிண்டரோட மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்காரு.

"எப்படிக்கா மிதிக்க? மொகம் தெரியுதுல்ல."

குனிஞ்சு பார்த்தேன். தாள் ஈரத்துல ஊறி, லட்சுமி மொகம் அப்படியே மேலே தெரியுது. நெத்திப் பொட்டு மேல ஒரு சேத்துக் கால் தடம்.

பதறிப்போய் ஒவ்வொரு தாளா எடுத்தேன். அம்புட்டு நேரமும் அவரு சிலிண்டரை இறக்காமலே நின்னாரு. பொறவு வெறுந்தரையில சேத்தோட நடந்து வந்து வச்சிட்டுப் போனாரு.

இப்போ அந்தத் தாளையெல்லாம் குப்பையில போடக் கை வரல. ஹால்ல கொடி கட்டிக் காயப்போட்டிருக்கேன். ஃபேன் காத்துல ஆடிக்கிட்டே எல்லா லட்சுமியும் என்னையவே பாக்குறாக.

சாமி படம் இல்லாத வேஸ்ட் தாள் யாரு வீட்டுலயாச்சும் இருந்தா சொல்லுங்க.

பொட்டு மேல இருந்த அந்தத் தடம் வீட்டுக்காரரோடதா இருக்கும்னு மட்டும் ஆறுதல் சொல்ல வராதீக. நான் தாள் விரிக்கிறதுக்கு முன்னாடியே அவரு வேலைக்குப் போயிட்டாரு.