சம்பந்தி கட்டிய பிராது

"எட்டாயிரம் கிலோமீட்டர்" என்று என் மகள் சொன்னதும், மனு எழுதுகிறவரின் பேனா தாளில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு நின்றது. விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூர் கோயிலில், குறையை மனுவாக எழுதி சாமி காலடியில் வைத்து, மடித்து, முனியப்பர் வேலில் கட்டுவார்கள். பிராது கட்டுவது என்று அதற்குப் பெயர். கோயிலிலிருந்து வீடு எத்தனை கிலோமீட்டர் என்பதும் மனுவில் இருக்க வேண்டும். காரியம் முடிந்தால் நேரில் வந்து வாபஸ் வாங்க வேண்டும். அந்த எட்டாயிரம் என் சம்பந்தியின் தூரம். அவர் நெதர்லாந்துக்காரர்.

"முனியப்பரு போயி சேரவே மூணு மாசம் ஆவுமேங்க" என்றார் எழுதுகிறவர்.

"சுமாராத்தான் சொன்னேன்" என்றாள் மகள். எனக்குப் பிடிக்காத சொல் அது. முப்பத்து நான்கு வருஷம் பீங்கான் கம்பெனியில் கோப்பைகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கி அனுப்பியவன் நான். ஒரு டஜன் என்றால் பன்னிரண்டு. சுமாராகப் பன்னிரண்டு என்று ஒரு டஜன் கிடையாது.

பிராதுக்குக் காரணம் என் பேத்தி. ஹாக்கியில் கோல்கீப்பர். தாய் வழியில் இந்தியா, தகப்பன் வழியில் நெதர்லாந்து என்று பிறந்ததிலிருந்தே இரண்டு குடியுரிமை. பதினெட்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் அந்த நாட்டுக் குடியுரிமையை விட்டால்தான் இந்தியக் குடியுரிமை நிற்கும். அது நின்றால்தான் இந்திய அணிக்கு ஆடலாம். அங்கே ஜூனியர் அணிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இங்கே தேர்வு முகாமுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். விடுமுறைக்குத் தாயோடும் அந்தத் தாத்தாவோடும் அவள் வந்து இறங்கியபோது, என் காலண்டரில் மிச்சம் எழுபத்திரண்டு நாள்.

எனக்குத் தேசபக்தி உண்டு. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருஷத்தில் அவள் என் வீட்டில் இருந்தது மொத்தம் நூற்று நாற்பத்தொரு நாள். இந்தியாவுக்கு ஆடினால் முகாம் எங்கே நடந்தாலும் ஒரு ரயிலைப் பிடித்துப் போய்ப் பார்த்துவிடலாம். நம் ஊர் ஜங்ஷன் வேறு. இதற்காகத்தான் பிராது கட்டப் போனேன். சம்பந்தியிடம் கோயில் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

எழுதுகிறவருக்கு உரக்கப் படித்துக்கொண்டே எழுதும் வழக்கம் இருப்பது எனக்குத் தெரியாது. "பேத்தி இந்தியாவுக்கே ஆடணும், வேற நாட்டுக்கு ஆடக் கூடாது" என்று அவர் படித்ததை என் மகள் ஒரு எழுத்து விடாமல் மொழிபெயர்த்தாள். சம்பந்தி என்னைப் பார்த்தார். ஆறடி நான்கு அங்குலம். அப்படியே மடங்கிப் பாயில் உட்கார்ந்தார். முழங்கால் காதுக்கு வந்தது. அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் பதினொன்று. அதில் ஒன்றைச் சொன்னார்: "எனக்கும்." பேத்தி அவர் நாட்டுக்கே ஆட வேண்டும் என்று எழுதிய அந்த இரண்டாவது பிராதுக்குத்தான் எட்டாயிரம் கிலோமீட்டர்.

திரும்பும்போது ஆட்டோக்காரர் என் மகளிடம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டுத் தீர்ப்பும் சொன்னார். "புள்ள அப்பன் வூட்டு சாமியதான சார் கும்புடும்? அப்ப அப்பன் நாட்டுக்குத்தான ஆடணும்?" என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஆனா மொத பிரசவம் அம்மா வூட்டுலதாங்களே, அதையும் பாக்கணும்" என்றார். அந்தப் பிரசவமும் அங்கேதான் நடந்தது என்பதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்தில், உள்ளூர்ப் பெண்கள் அணிக்குக் கோல் காக்க அவளைக் கூப்பிட்டார்கள். அரை மணியில் நான்கு கோல் விழுந்தது. முன்னால் நிற்கும் பெண்களுக்கு அவள் கத்திக் கத்தி வழி சொல்கிறாள், அத்தனையும் அந்த நாட்டு டச்சு மொழியில். தடுக்க வேண்டிய பெண் பந்தை விட்டுவிட்டுத் திரும்பி நின்று, "டீச்சர், இந்த அக்கா இன்னா சொல்லுது?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது நான்காவது உள்ளே போனது.

ஆட்டம் முடிந்து காலில் கட்டியிருந்த பட்டைகளை அவிழ்த்துக்கொண்டே பேத்தி சொன்னாள்: "தாத்தா, யோசிச்சு பேசுனா எனக்குத் தமிழ் வருது. யோசிக்காம கத்துனா அதுதான் வருது. கோல்ல நிக்கிறவ யோசிச்சா பந்து உள்ள போயிடும்."

மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். அதற்குள் நாற்பது வருஷமாக மனசுக்குள் எண்ணிக்கொண்டிருக்கும் என் கணக்கெல்லாம் எந்த மொழியில் ஓடுகிறது என்று யோசித்துப் பார்த்தேன். தமிழில்தான். அவளுடைய இன்னொரு காலின் பட்டையை நான் அவிழ்த்துவிட்டேன். ஆறு மாதம் முடிந்தது. இந்தியக் குடியுரிமை போனது. நான் காலண்டரைக் கழற்றிவிட்டேன்.

அடுத்த வருஷம் ஒரு காலையில் சம்பந்தியிடமிருந்து போன். அவள் நெதர்லாந்து அணியில் சேர்ந்து முதல் ஆட்டம் ஆடிவிட்டாளாம். "சம்பந்தி! வாபஸ்!" என்றார். பன்னிரண்டாவது சொல். நேரில் வராவிட்டால் முனியப்பர் சும்மா விடமாட்டார் என்று என் மகள் நன்றாகப் பயமுறுத்தி வைத்திருக்கிறாள்.

போன வாரம் வந்தார்கள், தாத்தாவும் பேத்தியுமாக. மணவாளநல்லூரில் அதே ஆள்தான் எழுதினார். சம்பந்தியுடையதை முடித்துவிட்டு, "சாருதும் வாபஸா?" என்றார்.

"என்னுது நடக்கலிங்க."

அவர் என் பின்னால் பார்த்தார். வெயிலில் சூடேறிய தரையில் கால் மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டு, என் செருப்பையும் சேர்த்துக் கையில் வைத்துக்கொண்டு பேத்தி நின்றாள்.

"அதான் கூட்டியாந்து எதுரால நிறுத்தியிருக்காரே. இதுக்கு மேல முனியப்பரு இன்னாங்க செய்வாரு?" என்றார். "எழுதிடவா?"

வேண்டாம், நிலுவையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அதையும் முடித்துவிட்டால், அடுத்த வருஷம் எந்தக் காரணத்தைச் சொல்லி அவளைக் கூப்பிடுவது?